கற்பிட்டி வாடியில் கேட்ட ஸ்போர்ட்ஸ் கார் சத்தம்

மண்ணெண்ணெய் விலை பற்றி எழுதுவதற்காகத்தான் நான் கற்பிட்டிக்குப் போயிருந்தேன். கடற்கரையிலிருந்து சற்று உள்ளே தென்னோலை வேய்ந்த ஒரு வாடி. உள்ளே மரச்சட்டத்தில் ஐந்து வெளியிணைப்பு இயந்திரங்கள் மாட்டப்பட்டிருந்தன. இரண்டுக்கு மூடி இல்லை, ஒன்றுக்கு புரொப்பெலர் இல்லை. நிலத்தில் விரித்திருந்த சாக்கில் ஒரு காபரேட்டர் துண்டு துண்டாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. அவற்றைத் திருத்துபவரை ஊரார் எல்லோரும் நானா என்றே அழைக்கின்றார்கள். நானும் அப்படியே அழைத்தேன்.

அவரிடம் தொழில் பழகும் மருமகனுக்குப் பதினேழு வயது இருக்கும். வேலைக்கு நடுவே கைப்பேசியில் ஒரு காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மணல் தரையில் உட்கார்ந்திருந்த எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு காரின் சத்தம் ஏறி ஏறிப் போனது. சாதாரண கார் உறுமுவது போல இல்லை, குழல் வாத்தியத்தை யாரோ அடிவயிற்றிலிருந்து ஊதுவது போல இருந்தது.

"மாமா, இது லெக்சஸ் எல்எஃப்ஏ. ஆனா இந்த எஞ்சினுல யமஹாட கை இருக்கெண்டு போட்டிருக்கு."

நானா நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "யமஹா இந்தா தொங்குது. முதல்ல இதைக் கழுவு."

அன்றிரவு அறைக்குத் திரும்பிய பிறகுதான் பையன் சொன்னதைத் தேடிப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். அதைப் பற்றி வாசிக்க வாசிக்க, மண்ணெண்ணெய் பற்றிய என் கட்டுரை வேறு பக்கம் திரும்பிவிட்டது.

ஓர்கனும் தறியும்

லெக்சஸ் எல்எஃப்ஏ 2010ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 2012ஆம் ஆண்டின் இறுதி வரை தயாரிக்கப்பட்டது. மொத்தம் 500 கார்கள்தான். அமெரிக்காவில் ஒன்றின் விலை 375,000 டொலரில் ஆரம்பித்தது. பத்து சிலிண்டர், 4.8 லீற்றர், 550க்கும் மேற்பட்ட குதிரைவலு. அந்த இயந்திரத்தை டொயோட்டாவும் யமஹாவும் சேர்ந்து உருவாக்கின. ஓய்வு நிலையிலிருந்து நிமிடத்துக்கு 9,000 சுற்றுகளை எட்ட அதற்கு 0.6 செக்கன் போதும். முள் வைத்த மானியால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது என்பதால் மின்திரையில் மானியைக் காட்டினார்கள். காற்றை உள்ளிழுக்கும் அறையின் சுவர் எப்படி அதிர வேண்டும் என்பதில் யமஹாவின் இசைக்கருவிப் பிரிவின் ஒலி ஆய்வாளர்களும் வேலை செய்தார்கள். குழல் வாத்தியம் போல எனக்குக் கேட்டது தற்செயலல்ல.

இந்த இரு நிறுவனங்களின் உறவு அதற்கும் மிக முந்தியது. 1967 முதல் 1970 வரை விற்பனைக்கு வந்த டொயோட்டா 2000ஜிடி, ஜப்பானாலும் ஸ்போர்ட்ஸ் கார் செய்ய முடியும் என்று உலகத்துக்குக் காட்டிய வாகனம். 350 அளவில்தான் செய்யப்பட்டன. டொயோட்டாவின் கிரவுன் காரின் ஆறு சிலிண்டர் இயந்திரத்தை எடுத்து, அதன் மேற்பகுதியை யமஹா புதிதாக வடிவமைத்தது. உள்ளே இருந்த மரப் பலகை வேலைப்பாட்டைச் செய்தவர்கள் பியானோ செய்யும் யமஹா தொழிலாளர்கள்.

பின்னோக்கிப் போனால் கதை ஹமமட்சு என்ற நகரத்தில் நிற்கின்றது. 1887இல் தொரகுசு யமஹா என்பவர் அங்குள்ள ஒரு பாடசாலையின் பழுதான ஓர்கனைத் திருத்தப் போனார். திருத்திப் பழகியவர் தானே ஒன்றைச் செய்தார். அதுதான் தொடக்கம். டொயோட்டாவின் தொடக்கம் துணி நெய்யும் தறி. 1926இல் தானியங்கித் தறித் தொழிற்சாலையாக உருவான குடும்ப நிறுவனத்திலிருந்துதான் 1937இல் மோட்டார் கம்பனி பிரிந்தது. நமது கரைகளில் யமஹாவுக்கு அடுத்ததாகக் காணப்படும் சுசுகியும் 1909இல் அதே ஹமமட்சுவில் தறி செய்யும் பட்டறையாகத் தொடங்கியதுதான். எல்எஃப்ஏயின் உடல் பெரும்பாலும் கார்பன் இழையால் ஆனது. அந்த இழையைப் பின்னுவதற்கு டொயோட்டா வட்டவடிவமான ஒரு தறியைத் தானே செய்துகொண்டது. அந்தத் தறித் தொழிற்சாலைக்கும் இந்தத் தறிக்கும் இடையில் ஏறக்குறைய எண்பது வருடங்கள்.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் யமஹா விமானங்களுக்குச் சுழலிகள் செய்தது. 1945இல் ஹமமட்சு குண்டுவீச்சால் பெரும் நாசமடைந்தது. போருக்குப் பின் சும்மா கிடந்த அந்தச் சுழலி இயந்திரங்களை வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்து, 1955இல் முதலாவது மோட்டார் சைக்கிளை வெளியிட்டார்கள். 1960இல் முதலாவது வெளியிணைப்புப் படகு இயந்திரமும், கண்ணாடியிழைப் படகும் வந்தன. போர் முடிந்து பதினைந்தாவது வருடம் அது.

நமக்குப் போர் முடிந்தது 2009இல். நம்முடைய பதினைந்தாவது வருடமும் கடந்துவிட்டது.

ஜப்பானுக்கு ஏற்கனவே பெருந்தொழில் இருந்தது, தன் மக்களுக்காகத் திட்டமிட ஓர் அரசும் இருந்தது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் ஒரு கேள்வியை அந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். போரில் இடிந்த கட்டடங்களை யாரும் கட்டலாம். போருக்கு முன்பிருந்த கைவேலையைத் தொடரவைக்க யார் என்ன செய்தார்கள்?

ஒரே குடும்பம், வேறு வாழ்க்கை

மறுநாள் காலையில் வாடிக்குப் போனபோது நானாவுக்கு இதையெல்லாம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. கரையில் கிடந்த ஒரு படகின் விளிம்பைத் தட்டிக் காட்டினார். உடைந்த இடத்தில் இழைப்பாய் வைத்து ரெசின் பூசியிருந்தார்கள். "அவங்கட காருல கார்பன். எங்கட படகுல கண்ணாடி. சேத்து ஒட்டுற வேலை ஒண்டுதானே தங்கச்சி" என்றார்.

விலையிலும் பலத்திலும் வித்தியாசம் பெரியது. செய்முறையின் அடிப்படை அவர் சொன்னதுதான்: இழையை அடுக்கி, பசையில் இறுக்கி, இரும்பு இல்லாமல் ஒரு வலிமையான உடலை ஆக்குவது.

இயந்திரமும் அப்படித்தான். 25 குதிரைவலுப் படகு இயந்திரங்கள் இருபத்திரண்டைச் சேர்த்தால்தான் ஒரு எல்எஃப்ஏயின் வலு கிடைக்கும். ஆனால் கரையில் நிற்கும் இயந்திரத்திடம் கேட்கப்படும் வேலை வேறு. உப்பு நீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வேண்டும். பற்றரி இல்லாமல் கயிறு இழுத்து உயிர்பெற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மண்ணெண்ணெயில் ஓட வேண்டும்.

மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் ஆவியாகாது. ஆகவே முதலில் பெற்றோலில் தொடக்கி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுகின்றார்கள். கரைக்கு வரும்போது மீண்டும் கொஞ்சம் பெற்றோலில் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் காபரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி, அடுத்த நாள் விடியற்காலையில் கயிறு இழுத்து இழுத்துத் தோள் கழன்றுவிடும். மண்ணெண்ணெய்க்காகவே அழுத்த விகிதம் குறைத்துச் செய்யப்பட்ட மாதிரிகளைக் கம்பனிகள் விற்கின்றன. அவற்றுக்கும் கரி படியும், பிளக் அடைபடும். கம்பனியின் வேலை முடியும் இடத்தில் நானாவின் வேலை தொடங்குகின்றது.

இந்த வித்தையை வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கள் வீட்டு எம்.டி. 90 மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. அப்பா ஒரு சின்னப் போத்தலில் பெற்றோலை மருந்து மாதிரிப் பொத்தி வைத்திருப்பார். காபரேட்டருக்குள் சில துளி விட்டு, உதைத்து, புகை வெள்ளையாகக் கிளம்பியதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்புவார். பழைய மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் அதே முறையில் நோயாளிகளையும் மணமக்களையும் ஏற்றிக்கொண்டு ஓடின. அந்த மொறிஸ் மைனருக்கும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் உறவு உண்டு. 1958இல் வந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைட், பந்தயத் தடங்களில் பேர்பெற்ற மினி கூப்பர் ஆகியவற்றின் இயந்திரமும் மொறிஸ் மைனரின் இயந்திரமும் ஒரே குடும்பம். அங்கே அதே இயந்திரத்துக்கு இரண்டு காபரேட்டர் பூட்டி வேகம் கூட்டினார்கள். இங்கே ஒரு காபரேட்டருக்கே பெற்றோல் இல்லாமல் வேறொரு எரிபொருளுக்குப் பழக்கினார்கள். இரண்டாவது வேலையைச் செய்தவர்களின் பெயர் எந்த நூலிலும் இல்லை. அவர்களில் எத்தனை பேர் இடம்பெயர்வில் தொழிலை விட்டார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கும் இல்லை.

கரையில் விட்டுவந்த இயந்திரம்

நானா கற்பிட்டியில் பிறந்தவரல்லர். மன்னார்க்காரர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. அப்போது துரத்தப்பட்ட சுமார் 75,000 பேரில் பெரும்பாலானோர் வந்துசேர்ந்தது இந்தப் புத்தளம் மாவட்டத்துக்குத்தான். 

"வாப்பாட எஞ்சின் கரையில கிடந்திச்சு. எடுத்துட்டு வர ஏலாது. எஞ்சினுக்குத் திறப்பா இருக்கு, பூட்டிட்டு வர? கயித்த இழுத்தா எவனுக்கும் வேலை செய்யும்."

நான் எங்கிருந்து வந்தவள் என்பது அவருக்குத் தெரியும். அதைச் சொன்ன பிறகு எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார். நான் எதையும் பதிலாகச் சொல்லவில்லை. தமிழர் இழந்தவற்றைப் பட்டியலிடும் நமது கட்டுரைகளில், நமது பெயரால் மற்றவர்களிடமிருந்து பறிக்கப்பட்டவை அரிதாகவே இடம்பெறுகின்றன. இந்தக் கட்டுரையில் அது இருக்கட்டும்.

வாப்பா இங்கே அகதி முகாமில் இருந்தபடியே அயலவர்களின் இயந்திரங்களைத் திருத்தத் தொடங்கினார். மகன் பார்த்துப் பழகினார். இப்போது மருமகன் பழகுகிறான். வாப்பாவுக்கு ஒரு சான்றிதழும் இல்லை. நானாவுக்கும் இல்லை. இன்று சிங்களக் கத்தோலிக்க மீனவர்கள் சிலாபத்திலிருந்தும், தமிழ் மீனவர்கள் உடப்பிலிருந்தும் இந்த வாடிக்கு இயந்திரம் கொண்டுவருகின்றார்கள். 

வடக்கிலே இதைவிடப் பெரிய முயற்சி ஒன்று இருந்தது. நோர்வேக்குப் போன முதல் இலங்கைத் தமிழராக அறியப்படும் குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம், 1960களின் பிற்பகுதியில் நோர்வே நண்பர்களின் உதவியோடு சீநோர் திட்டத்தை ஆரம்பித்தார். காரைநகரில் கண்ணாடியிழைப் படகுகள், குருநகரில் வலை. வடபகுதி இளைஞர்கள் இழையையும் ரெசினையும் இயந்திரத்தையும் ஒரே இடத்தில் பழகிய காலம் அது. யமஹா கண்ணாடியிழைப் படகு விற்கத் தொடங்கிப் பத்து வருடங்கள்கூட ஆகாத நேரத்தில் நமது கரையிலும் அந்தத் தொழில் கால் ஊன்றியது. போர் அதை முடக்கியது. சீநோர் என்ற பெயர் இன்று கடற்றொழில் அமைச்சின் கீழுள்ள ஒரு நிறுவனத்துக்கு இருக்கின்றது. அறுந்துபோனது, ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாறிய பழக்கம்.

எண்ணப்பட்டதும் எண்ணப்படாததும்

போர்க்காலத்தில் அரசுக்கு மீனவரின் குதிரைவலு ஒரு சந்தேகப் பொருள். கடற்புலிகள் வலுக்கூடிய வெளியிணைப்பு இயந்திரங்கள் பலவற்றை ஒரே படகில் பூட்டிக் கடற்படையோடு மோதினார்கள். அதன் விலையை வடகிழக்குக் கடற்றொழிலாளர் கொடுத்தனர். பாஸ், நேரக் கட்டுப்பாடு, தூரக் கட்டுப்பாடு, இயந்திர வலுவுக்கும் கட்டுப்பாடு.

சுனாமிக்குப் பின்னும் போருக்குப் பின்னும் காட்சி தலைகீழானது. இயந்திரங்கள் உதவியாக வந்தன. இத்தனை படகு, இத்தனை இயந்திரம் கையளிக்கப்பட்டது என்று பதாகை கட்டிப் படம் எடுத்தார்கள். நான் செய்தியாளராகத் தொடங்கிய காலத்தில் அப்படிப்பட்ட நிகழ்வுகள் பலவற்றை நானே எழுதியிருக்கிறேன். கையளித்த எண்ணிக்கையை எழுதினேன். இரண்டு வருடம் கழித்து எத்தனை ஓடுகின்றன என்று போய்ப் பார்த்ததில்லை. நானாவின் வாடியில் உட்கார்ந்தபோதுதான் அது உறைத்தது. கூடவே ஒரு திருத்துநரையும், ஒரு பெட்டி உதிரிப்பாகத்தையும் கொடுக்காத உதவி, முதலாவது தண்ணீர்ப் பம்பு இறப்பர் தேயும் வரைக்கும்தான் உதவி.

எரிபொருளின் கதையும் இதே கரையில் எழுதப்பட்டதுதான். 2012 பெப்ரவரியில் மண்ணெண்ணெய் லீற்றருக்கு 35 ரூபா கூட்டப்பட்டு 106 ரூபாவானது. சிலாபத்தில் மீனவர்கள் வீதிக்கு இறங்கினார்கள். பெப்ரவரி 15ஆம் திகதி துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் கொல்லப்பட்டார். அவர் தமிழரல்லர். அவரது படகு கேட்டதும் நமது படகுகள் கேட்பதும் ஒரே எரிபொருளை. 2022 ஓகஸ்டில் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே அறிவிப்பில் 340 ரூபாவானது. ஒரு பயணத்துக்கு 20 லீற்றர் என்று வைத்துக்கொண்டால், 1,740 ரூபாவாக இருந்த செலவு 6,800 ரூபா. அதே வருடம் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, ஜப்பானிலிருந்து வரும் இயந்திரமும் உதிரிப்பாகமும் அதோடு சேர்ந்து ஏறின. 2024 ஒக்டோபரில் புதிய அரசாங்கம் மீனவர்களுக்கு எரிபொருள் மானியம் அறிவித்தது. மானியம் அறிவிப்பிலே வரும், அறிவிப்பிலே போகும். 2012இலும் அப்படித்தான் வந்தது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1ஆம் திகதி தனியார் வாகனங்களுக்கும் திறக்கப்பட்டது. அன்றிலிருந்து எந்தக் கார் வரும், வரி எவ்வளவு, திறைசேரிக்கு வருமானம் எவ்வளவு என்பதே பேச்சு. அந்த வருமானம் நாட்டுக்குத் தேவை, மறுக்கவில்லை. ஆனால் இயந்திரம் என்ற சொல்லை ஆட்சியாளர்கள் சொல்லும்போது அதற்குள் கயிறு இழுத்து ஓடும் இயந்திரம் வருவதில்லை. கார் ஓடாவிட்டால் அதன் உரிமையாளர் பேருந்தில் போவார். இது ஓடாவிட்டால் அன்று அந்த வீட்டில் உலை ஏறாது.

என்ன செய்யலாம்

பெரிய திட்டம் எதையும் நான் கேட்கவில்லை. தேசிய தொழிற்தகைமை முறையில், பாடசாலைப் படிப்பு இல்லாமல் வேலையில் பழகியவர்களின் திறமையைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு ஏற்கனவே உண்டு. பரிசோதகர்கள் கரைக்கு வந்து, தமிழில் கேட்டு, கையில் இயந்திரத்தைக் கொடுத்துச் சோதிக்கட்டும். இயந்திரம் வழங்கும் ஒவ்வொரு திட்டமும், அது அரசுடையதோ புலம்பெயர் ஊர்ச்சங்கத்தினுடையதோ, செலவில் ஒரு பங்கைத் திருத்துமிடத்துக்கும் தொழில் பழகுபவரின் உதவித்தொகைக்கும் ஒதுக்கட்டும். புலம்பெயர்ந்த உறவுகளுக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். பத்து இயந்திரம் அனுப்ப நினைத்தால், எட்டை அனுப்பி மிச்சக் காசில் ஒரு பிள்ளையை இரண்டு வருடம் தொழில் பழகவிடுங்கள்.

இதற்கு அவசரமும் இருக்கின்றது. படகுகளும் மெல்ல மின்சாரத்துக்கு மாறப் போகின்றன. ஜெர்மனியின் டோர்கீடோ என்ற மின் படகு இயந்திர நிறுவனத்தை யமஹா 2024இல் வாங்கிவிட்டது. கற்பிட்டியில் காற்றாலைகள் சுழல்கின்றன. சற்றுத் தெற்கே நுரைச்சோலையில் 900 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் புகைகின்றது. மின்சாரம் பிறக்கும் இந்தக் கரைக்கு மின் இயந்திரம் வந்துசேரும்போது, அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் யாராவது இங்கே இருப்பாரா, அல்லது பழுதானால் கொழும்புக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டுமா என்பது இப்போது எடுக்கப்படும் முடிவுகளில் தங்கியிருக்கின்றது.

நான் புறப்பட்ட நாள் பின்னேரம், திருத்தி முடித்த ஓர் இயந்திரத்தைத் தண்ணீர் நிரப்பிய பீப்பாய் ஒன்றில் மாட்டி ஓடவிட்டார்கள். புகை, சத்தம், மண்ணெண்ணெய் நாற்றம். எனக்கு நன்றாகத்தான் ஓடியது போல இருந்தது. பையன் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டான்.

"மாமா, கீழ் சிலிண்டர் சரியா அடிக்கல்ல."

நானா பதில் சொல்லவில்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பிளக் கழற்றும் சாவியை அவன் கையில் கொடுத்தார்.